வாடகை பாக்கி நோட்டீஸ்: காலி செய்யச் சொல்வதற்கு முன் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

குடியிருப்பவர் சில மாதங்களாக வாடகை தரவில்லை. போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் "அடுத்த வாரம் போட்டுடறேன் சார்" என்று முடித்துவிடுகிறார். சொந்தக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: தண்ணீர் மோட்டாரை நிறுத்து, ஸ்டேஷனில் ஒரு புகார் கொடு, பூட்டுப் போடு. எதையும் செய்யாதீர்கள். கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி, "பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தீர்களா, அது அவர் கைக்குப் போனதா?" என்பதுதான். அந்தக் காகிதம் சரியாக இருந்தால் பாதி இடங்களில் கோர்ட் வாசலை மிதிக்காமலே பணம் வந்துவிடும்.

எங்கள் மாடி போர்ஷனுக்காக இந்த வழியில் போனபோது, தபால் நிலையத்தில் ஒன்று, வக்கீல் அலுவலகத்தில் ஒன்று, தெரிந்தவர்களிடம் ஒன்று என்று மூன்று விதமான பதில்கள் கிடைத்தன. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் இருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொருந்தும். 2019 பிப்ரவரி 22 முதல் இங்கே நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம். கீழே வெறுமனே 'சட்டம்' என்று சொல்வது அதைத்தான். உங்கள் வீடு கிராம ஊராட்சியிலோ, கோயில் அல்லது வக்ஃபு இடத்திலோ இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், பாதை மாறலாம்.

1. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா?

நோட்டீஸ் எழுத உட்காருவதற்கு முன் பீரோவில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை எடுங்கள். அதில் நோட்டரி முத்திரை இருக்கிறதா என்பது முக்கியமில்லை. வாடகை ஆணையத்தில் (துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருக்கும் அரசு அதிகாரியிடம்) பதிவு செய்து, டி.ஆர். எண் என்று சொல்லும் வாடகைப் பதிவு எண் வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் இதற்கென இருக்கும் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும் என்பது விதி.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். முத்திரைத்தாளில் டைப் அடித்து, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி, நோட்டரியும் வைத்துவிட்டால் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் பத்திரப்பதிவு வேறு, நோட்டரி வேறு, வாடகை ஆணையப் பதிவு வேறு. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

பதிவு இல்லாத ஒப்பந்தம் உரிமை எதையும் தராது, அதைச் சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ள முடியாது என்று சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் 'வாடகை பாக்கி' என்ற காரணத்தை வைத்து மனுப் போடுவது சிக்கல். 'முறையான ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை' என்ற வேறொரு காரணத்தின்கீழ் போவார்கள். அதற்கு நோட்டீஸின் வாசகமே மாறும். உங்கள் ஒப்பந்தம் பதிவாகவில்லை என்றால், அல்லது 11 மாதம் முடிந்தும் புதுப்பிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், கீழே உள்ள மாதிரியை அப்படியே எடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒருமுறை வக்கீலிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

2. எத்தனை மாத பாக்கி?

ஒரு மாதம் தாமதமானதற்கெல்லாம் இந்த நோட்டீஸ் கிடையாது. இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் பாக்கி நின்று, அதைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகு ஒரு மாதத்துக்குள் முழுவதும் தரவில்லை என்றால்தான் வீட்டைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். 21(2)(பி) என்று வக்கீல்கள் சொல்லும் பிரிவு இது.

இரண்டு மாதம் என்பதை எங்கிருந்து எண்ணுவது? ஒப்பந்தத்தில் வாடகை முன்கூட்டித் தர வேண்டுமா, மாதம் முடிந்து தர வேண்டுமா என்று பாருங்கள். ஏப்ரல் வாடகை ஏப்ரல் 5ஆம் தேதி தர வேண்டியதா, மே 5ஆம் தேதி தர வேண்டியதா என்பதில் ஒரு மாத வித்தியாசம் வந்துவிடும். இரண்டாவது கெடு தாண்டிய மறுநாளே அனுப்பி, பிறகு தேதியை வைத்து வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கொடுப்பதைவிட, மூன்றாவது கெடுவும் தாண்டட்டும் என்று பொறுத்து அனுப்புவது நல்லது. அதற்கு மேல் பொறுப்பது நல்லதில்லை. ஆறேழு மாதம் சேரவிட்டால் அவரால் கட்டவே முடியாத தொகையாகிவிடும், அப்புறம் நோட்டீஸால் பணம் வரும் வாய்ப்பும் குறையும்.

3. கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

'சுமார் நாற்பதாயிரம் பாக்கி' என்று எழுதும் நோட்டீஸ் எதற்கும் உதவாது. மாதவாரியாக எழுத வேண்டும். ஒரு உதாரணம்: வாடகை 14,000 ரூபாய், பராமரிப்பு 1,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் அந்த மாதத்துக்கானது. குடியிருப்பவர் ஏப்ரல் முதல் தரவில்லை, நடுவில் மே 20 அன்று ஜிபேயில் 6,000 அனுப்பியிருக்கிறார்.

ஏப்ரல்: 15,000, வரவு 6,000, நிலுவை 9,000.
மே: 15,000, வரவு இல்லை.
ஜூன்: 15,000, வரவு இல்லை.
மொத்தம் 39,000 ரூபாய்.

அந்த ஆறாயிரத்தை எந்த மாதத்தில் கழிப்பது? 'மே மாதத்துக்கு' என்று குறிப்பிட்டு அனுப்பியிருந்தால் மே மாதத்தில்தான் கழிக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை என்றால் பழைய பாக்கியில் வைக்கலாம். இந்த வரவைக் கணக்கில் காட்டாமல் விட்டால், 'வாங்கிய பணத்தை மறைத்தார்' என்று ஒரே வரியில் உங்கள் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் கிளப்பிவிடுவார்கள். வங்கி ஸ்டேட்மெண்டை வரிக்கு வரி பாருங்கள். சிலர் மனைவி கணக்கிலிருந்தோ தம்பி கணக்கிலிருந்தோ அனுப்பியிருப்பார்கள், பெயர் வேறாக இருப்பதால் கண்ணில் படாது.

வட்டி, ஒப்பந்தத்தில் இருந்தால் இருக்கும் விகிதப்படி போடுங்கள். இல்லாத வட்டியை நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். ஈபி கட்டணம், தண்ணீர் லாரிக் காசு போன்றவையும் ஒப்பந்தப்படி அவர் தர வேண்டியது என்று எழுத்தில் இருந்தால் மட்டும் சேருங்கள். பெயிண்ட் அடிக்க ஆகும் செலவு, உடைந்த குழாய், இதெல்லாம் காலி செய்யும்போது பேச வேண்டியவை. பாக்கி நோட்டீஸில் கலக்க வேண்டாம்.

'அடுத்த மாதம் முதல் இரட்டிப்பு வாடகை' என்று மிரட்டுவதும் வேண்டாம். சட்டத்தில் இரட்டிப்பு உண்டு, முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு மடங்கு, அதற்குமேல் நான்கு மடங்கு. ஆனால் அது வாடகைக்காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருப்பவருக்கு. இன்றைய பாக்கிக்கு அது பொருந்தாது.

4. அட்வான்ஸ் என்னும் வழுக்குப்பாறை

"அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க." இந்த வாக்கியத்தை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். நோட்டீஸிலேயே இதற்குப் பதில் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். கையில் இருக்கும் அட்வான்ஸ் எவ்வளவு, அது காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் பாதுகாப்புத் தொகை, மாத வாடகையில் கழிப்பதற்கானது இல்லை என்று ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி சொல்கிறது என்பதை எழுதுங்கள்.

இதில் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்புத் தொகை வாங்கக் கூடாது என்பது இப்போதைய சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய பழக்கத்தில் இன்னும் பலர் கையில் ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் அட்வான்ஸை வைத்துக்கொண்டு முப்பத்தொன்பதாயிரம் பாக்கிக்கு நோட்டீஸ் விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான். அப்படி இருப்பவர்கள் கூடுதல் தொகையை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

நோட்டீஸோடு எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் எழுதும்போதே ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: வாடகை ஒப்பந்தமும் பதிவு எண் வந்த நகலும், வீட்டுப் பத்திரம் அல்லது பட்டா நகல், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, அந்தப் போர்ஷனின் ஈபி அட்டை எண், வாடகை வரவான வங்கி ஸ்டேட்மெண்ட், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், அவருடைய ஆதார் நகல் (குடிவரும்போது வாங்கியது), வாட்ஸ்அப் உரையாடல்.

வாட்ஸ்அப்பில் அவர் "இந்த மாசம் கொஞ்சம் டைட், ரெண்டு மாசமும் சேர்த்துத் தர்றேன்" என்று எழுதியிருந்தால் அது தங்கம். பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. போனை மாற்றினால் போய்விடும், ஏற்றுமதி செய்து வையுங்கள். கோர்ட்டில் காட்டும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். இப்போதைக்கு அழிக்காமல் இருந்தால் போதும்.

வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு மகன் வாடகை வாங்குவது நம் ஊரில் சாதாரணம். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் நோட்டீஸும் தர வேண்டும், அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் அவர் சார்பில் தர வேண்டும். அப்பா இறந்துவிட்டார் என்றால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் தொடங்காதீர்கள், வாரிசுகள் எல்லாருடைய பெயரிலும் நோட்டீஸ் போகட்டும்.

6. நோட்டீஸ் எழுதுவது

முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், காதில் வாங்காதீர்கள்.

தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். குடியிருப்பவருக்கு எது படிக்கத் தெரியுமோ அது. வட மாநிலத்தவர் என்றால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரு பிரதி சேர்த்து அனுப்புங்கள், 'புரியவில்லை' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. கையெழுத்து கட்டாயம். கையெழுத்தில்லாத நோட்டீஸ் சட்டப்படி நோட்டீஸே இல்லை.

நடுவில் வரும் முக்கியமான பத்தி இப்படி இருக்கலாம்:

"மேற்படி வீட்டின் முதல் மாடிப் போர்ஷனில், ______ தேதியிட்ட, ______ என்ற பதிவு எண் கொண்ட வாடகை ஒப்பந்தத்தின்படி மாதம் 14,000 ரூபாய் வாடகைக்கும் 1,000 ரூபாய் பராமரிப்புக் கட்டணத்துக்கும் தாங்கள் குடியிருந்து வருகிறீர்கள். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டிய இத்தொகையில் ஏப்ரல் மாதத்துக்கு 9,000 ரூபாயும் மே, ஜூன் மாதங்களுக்கு 30,000 ரூபாயும் ஆக மொத்தம் 39,000 ரூபாய் இன்றுவரை செலுத்தப்படவில்லை. மாதவாரிக் கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இந்த நோட்டீஸ் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேற்படி தொகை முழுவதையும் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கோருகிறேன். தவறும் பட்சத்தில், சட்டத்தின் 21(2)(பி) பிரிவின்கீழ் வீட்டின் சுவாதீனத்தைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்வேன் என்பதையும், அதற்கான செலவுக்குத் தாங்களே பொறுப்பு என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதில் 'ஒரு மாதத்துக்குள்' என்பதை மாற்றாதீர்கள். கோபத்தில் 'ஏழு நாளுக்குள்', 'பதினைந்து நாளுக்குள்' என்று எழுதுகிறார்கள். பதினைந்து நாள் என்பது மாத வாடகையை முடித்துக்கொள்வதற்கான வேறொரு நோட்டீஸில், சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவில் வருவது. 'உடனே காலி செய்' என்று மட்டும் எழுதி, எவ்வளவு பாக்கி, எப்போதைக்குள் தர வேண்டும் என்று கேட்காமல் விட்டால் அது பாக்கி கேட்ட நோட்டீஸ் ஆகாது. மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும், ஒரு மாதம் வீண்.

வங்கிக் கணக்கு எண்ணை நோட்டீஸிலேயே கொடுங்கள். 'பணம் தரத் தயாராக இருந்தேன், வாங்க மறுத்தார்' என்று அவர் சொல்ல முடியாது. திட்டு, ஜாதிப் பேச்சு, குடும்ப விவகாரம் எதுவும் உள்ளே வரக் கூடாது. இந்தத் தாளை நாளைக்கு ஒரு நீதிபதி படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

7. வக்கீல் வேண்டுமா?

சட்டப்படி கட்டாயமில்லை. உரிமையாளரே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செல்லும். ஆனால் வக்கீல் லெட்டர்பேடைப் பார்த்தால் சிலருக்குப் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. நான் விசாரித்த வரை, சென்னைப் புறநகரில் ஒரு நோட்டீஸுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை கேட்டார்கள். நோட்டீஸுக்கு மட்டுமா, பதில் வந்தால் மறுபதிலும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் வரைவைப் படித்துப் பாருங்கள். பழைய கட்சிக்காரர் ஒருவரின் நோட்டீஸில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. கதவு எண், தொகை, தேதி மூன்றையும் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

8. அனுப்புவது

எழுதுவதைவிட இதுதான் பெரிய வேலை. தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தினரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம், இதெல்லாம் முடியாவிட்டால் வீட்டின் நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். சட்டம் ஏற்கும் வழிகள் இவ்வளவுதான். வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் இந்தப் பட்டியலில் இல்லை. கூடுதலாக அனுப்பலாம், நீல டிக்கைப் படம் எடுத்தும் வைக்கலாம். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தபால் பற்றி ஒரு செய்தி. எல்லாரும் இன்னும் "ஆர்.பி.ஏ.டி. போடுங்க" என்றுதான் சொல்வார்கள், அதாவது வாங்கியவர் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வரும் பதிவுத் தபால். பழைய பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டது. இப்போது கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று மட்டும் சொன்னால் சாதாரண ஸ்பீடு போஸ்டாகப் போய்விடும், கதவைத் திறந்தவர் யாராக இருந்தாலும் கொடுத்துவிட்டுப் போகலாம். 'ஸ்பீடு போஸ்ட், பதிவு வசதியோடு' என்று கேளுங்கள். பெயருக்கு உரியவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் முறை அது. 2025 அக்டோபர் 1 முதல் வந்த கட்டணப்படி, உள்ளூருக்குள் 50 கிராம் வரை 19 ரூபாய், 250 கிராம் வரை 24 ரூபாய். பதிவு வசதிக்கு 5 ரூபாய் கூடுதல். ஜிஎஸ்டி தனி. ஒப்புகை அட்டையும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கட்டிவிடுங்கள். கணக்குத் தாளும் இணைப்புகளும் சேர்ந்தால் கவர் 50 கிராமைத் தாண்டிவிடலாம்.

கவரின் மேல் முகவரியை ஒப்பந்தத்தில் இருப்பது போலவே எழுதுங்கள். 'முதல் மாடி, பின்பக்கப் போர்ஷன்' என்பதை விட்டுவிட்டால், ஒரே கதவு எண்ணில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டில் தபால்காரர் 'முகவரி போதாது' என்று திருப்பிவிட வாய்ப்புண்டு. கதவு எண் பழையது புதியது இரண்டும், பின்கோடும், கைபேசி எண்ணும் இருக்கட்டும். அவர் வேலை பார்க்கும் இடத்தின் முகவரி தெரிந்தால் அங்கேயும் ஒரு பிரதி அனுப்பலாம், ஆனால் மூடிய கவரில், அவர் பெயருக்கு மட்டும். மேலதிகாரிக்கு நகல் அனுப்பி மானத்தை வாங்குவது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

கவரில் போடுவதற்கு முன் கையெழுத்திட்ட நோட்டீஸை நகல் எடுங்கள். அந்த நகலின் மேலேயே தபால் ரசீதைப் பின் அடித்து வையுங்கள். ரசீது வெப்பத்தாள், ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே அதையும் ஒரு நகல் எடுங்கள். ரசீதில் இருக்கும் எண்ணை அஞ்சல் துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்து, 'டெலிவரி ஆனது' என்று வந்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய விவரம் தளத்தில் இல்லாமல் போகலாம்.

நேரில் கொடுப்பது என்றால் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். வாங்குபவர் உங்கள் பிரதியில் பெயர், உறவு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்தால் சண்டை வேண்டாம், திரும்பி வந்து தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்திருந்தாலும் தபாலிலும் ஒன்று போகட்டும்.

9. கவர் திரும்பி வந்தால்

பயப்பட வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். திரும்பி வந்த கவரின் பின்புறத்தில் தபால்காரர் நீல மையில் கிறுக்கியிருப்பார்: எந்தெந்தத் தேதியில் போனார், கதவு பூட்டியிருந்ததா, தகவல் சீட்டு வைத்தாரா, 'வாங்க மறுத்தார்' என்றா, 'கேட்டு வாங்கவில்லை' என்றா. கீழே அவர் கையெழுத்தும் தபால் நிலைய முத்திரையும் இருக்கும். உங்களிடம் இருக்கும் சாட்சியங்களில் மதிப்பு மிக்கது அந்தக் கிறுக்கல். ஒட்டிய கவரை ஒட்டியபடியே ஃபைலில் வையுங்கள், கோர்ட்டில் திறந்தால் போதும்.

சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸை வாங்க மறுத்தால் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கேட்டு வாங்காமல் விட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான், சேரவில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. 'முகவரி போதாது', 'அப்படி ஒருவர் இல்லை', 'வீடு மாறிவிட்டார்' என்று வந்தால் கதை வேறு. முகவரியைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள்.

ஒட்டுவது கடைசி வழி. நேரில் கொடுக்க முயன்று, முடியாமல் போனதற்கு ஆதாரம் வைத்துக்கொண்டு, அவருடைய போர்ஷன் கதவில் ஒட்டுங்கள், தெரு கேட்டில் வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில், நோட்டீஸும் கதவு எண்ணும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து, அதே நாளில் நடந்ததை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள்.

10. அந்த ஒரு மாதம்

ஒரு மாதம் ஓடத் தொடங்குவது நீங்கள் எழுதிய தேதியிலிருந்து இல்லை, அவர் கைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து. ஜூன் 12 அன்று வாங்கினார் என்றால் ஜூலை 12 வரை அவருக்கு நேரம் உண்டு. அதற்கு முன் மனுப் போட்டால் 'முன்கூட்டியே வந்துவிட்டீர்கள்' என்று திருப்பிவிடுவார்கள். சில நாள் சேர்த்தே விடுங்கள்.

இந்த மாதத்தில் தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், குப்பை எடுப்பது எதையும் நிறுத்தக் கூடாது. சட்டத்தின் 20ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. அவர் வாடகை ஆணையத்துக்குப் போய் முறையிட்டால் நீங்கள் எதிர்த்தரப்பாக நிற்க வேண்டியிருக்கும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும். பூட்டு மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் 'இது சிவில் விவகாரம்' என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியான பதில்தான்.

11. பணம் வந்தால், பதில் வந்தால்

முழுத் தொகையும் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டால் இந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது. ரசீது கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஆனால் ஃபைலை எறியாதீர்கள். இந்தச் சலுகை எப்போதும் கிடைப்பதில்லை. ஒருமுறை தப்பித்தவர் அதற்குப் பிறகு ஒரே ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தராமல் விட்டால், பணத்தைக் கட்டித் தப்பிக்கும் வாய்ப்பு மறுபடி கிடையாது. அப்போது இந்த முதல் நோட்டீஸும் ரசீதும்தான் கைகொடுக்கும்.

பாதிப் பணம் வந்தால்? வாங்கலாம். ரசீதில் 'மொத்த பாக்கியில் ஒரு பகுதி, நோட்டீஸில் உள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று எழுதுங்கள். தவணை கேட்டால் என் கருத்து, ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு என்று உண்மையான கஷ்டத்தில் இருப்பவரை வெளியே தள்ளிவிட்டு, புது ஆள் கிடைக்கும்வரை வீட்டைப் பூட்டி வைப்பதில் உங்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் தவணைத் தேதிகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், முந்தைய நோட்டீஸ் நிற்கிறது என்பதையும் அதில் சேருங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் 'வீட்டுக்காரரே நேரம் கொடுத்தார்' என்று ஆகிவிடும்.

வக்கீல் மூலம் பதில் வரலாம். ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது தரவில்லை என்பார்கள். பைப் சரிசெய்ய நான் செலவழித்தேன், அதைக் கழியுங்கள் என்பார்கள். வாங்கிய வாடகைக்குக் கையெழுத்திட்ட ரசீது தருவது சட்டப்படி உங்கள் கடமை, எனவே ரொக்கம் வாங்கும் பழக்கம் இருந்தால் இந்த வாதம் கடிக்கும். பொய்யான விவரத்தை மறுத்து ஒரு மறுபதில் அனுப்பிவிடுங்கள், சும்மா இருந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி பேசுவார்கள்.

12. ஒரு மாதம் தாண்டியும் வராவிட்டால்

இனிமேல் வாடகை நீதிமன்றம். வாடகை ஆணையம் வேறு, வாடகை நீதிமன்றம் வேறு என்பதில் குழப்பம் வேண்டாம். ஒப்பந்தப் பதிவு, வாடகை நிர்ணயம், தண்ணீர் மின்சாரம் துண்டித்த புகார் ஆகியவை துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருக்கும் வாடகை ஆணையத்திடம் போகும். காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னை வீடுகளுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் மனு எடுப்பார்கள். மனுவுக்கு ஆர்.எல்.டி.ஓ.பி. என்று ஆரம்பிக்கும் எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மனுவோடு நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை அல்லது பிரிக்காத கவர், டெலிவரி ஆனதற்கான அச்சு, பாக்கிக் கணக்கு, பதிவான ஒப்பந்தம் ஆகியவை போக வேண்டும். கணக்கை மனுப் போடும் தேதிவரை நீட்டி எழுதுங்கள், நோட்டீஸுக்குப் பிறகு சேர்ந்த மாதங்களும் அதில் வரட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு தொகுப்பை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அசலை வக்கீலிடம் கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தீர்கள் என்று ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போது அவர் மாத வாடகையை அனுப்பினால் திருப்பி அனுப்பாதீர்கள், வாங்கி, ரசீது கொடுத்து, அன்றைக்கே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.